ஓட்டல் பலகையை நானே படித்தேன்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கை இன்னும் பழகவில்லை.

இன்று தேரடிப் பக்கம் ஓட்டலுக்கு மனைவியோடு போனேன். இத்தனை வருஷமும் சர்வர் முதலில் சொல்வதையே சாப்பிட்டவர்கள் நாங்கள். இன்று சுவர்ப்பலகையை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன், இப்போது நான் போகும் இரவுப் பள்ளியில் படிப்பதுபோல உரக்க.

"இட்லி. பொங்கல். அடை."

"மெல்லப் படிங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மனைவி.

பக்கத்து மேசைப் பெரியவர், "படிக்கட்டும்மா. அடைக்கு அப்புறம் என்னங்க போட்டிருக்கு?" என்றார்.

"ரவா தோசை."

மனைவி சர்வரிடம் திரும்பினாள். "அதெல்லாம் இருக்குதா? இவ்ளோ நாளா இட்லி, இட்லின்னே சொன்னியேப்பா. ரவா தோசை கொண்டா."

பெரியவரும் அதையே கேட்டார்.

பலகையில் பாதி பாக்கி. உங்களுக்குப் பிடித்த பலகாரத்தை எழுதுங்கள். அடுத்த வாரம் அதை மனைவிக்கு வாங்கித் தந்து, தின்றுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எழுதுகிறேன்.