தூக்குவாளியில் வந்த இளநீர்

போன வருடம் கத்திரி வெயில் கொளுத்திய சமயம். தா.பழூர் பக்கம் எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது. இப்போதும் யாராவது இளநீர் சீவுகிற சத்தம் கேட்டால் அப்பா எங்கே என்று தேடிப் போவேன்.

அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். பிரஷரைக் கவனிக்காமல், இடுப்பு வலிக்கு மருந்துக்கடை மாத்திரையாக விழுங்கி, கடைசியில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை அரியலூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இது அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். காரணம், எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பனுக்கு இப்படி என்று தெரிந்தால் எவன் பெண் கேட்டு வருவான் என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார். அரியலூரில் வாரம் இரண்டு நாள் சூப்பர்வைசர் வேலை என்பது ஊருக்குச் சொன்ன கதை. ஊசி குத்துகிற கை புடைத்துத் தெரியும் என்பதால் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சூப்பர்வைசர் என்றால் சும்மாவா என்று தெருவும் நம்பியது.

உடம்பைவிட மனசுதான் மோசமாக இருந்தது. டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். தாகம் எடுத்தாலும் வாயை நனைத்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மா சொம்பைத் தூக்கினாலே அப்பா எரிந்து விழுவார். சோறு இறங்காது, தூக்கம் கிடையாது. என்னை எதற்கு இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.

டயாலிசிஸ் பார்க்கும் நர்ஸ் அக்காதான் வழி சொன்னார். சும்மா உட்கார்ந்தால் தாகமே நினைப்பில் நிற்கும், கொல்லை இருந்தால் செடி வையுங்கள், ஊசி போடுகிற கையால் மட்டும் பாரம் தூக்காதீர்கள் என்றார். அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கீரை விதை தூவினார். அது முளைத்த அன்றைக்குக் காலையில், தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார்.

அப்புறம் ஆளே மாறிப்போனார். கீரை, கத்தரி, வெண்டை, ஒரு அவரைப் பந்தல். "என்னாலதான் குடிக்க முடியல, நீயாச்சும் குடி" என்று கத்தரிச் செடியிடம் பேசிக்கொண்டே தண்ணீர் விடுவார். ராத்திரி தூக்கம் வந்தது. பிரஷர் முன்னைப்போல எகிறவில்லை என்று டாக்டரும் சொன்னார். ஒரே வேடிக்கை, வளர்த்த கீரையை அவர் சாப்பிட முடியாது. கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது, கிட்னி இல்லாத உடம்பில் அது தங்கிவிட்டால் இதயமே நின்றுபோகும் என்று நர்ஸ் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் பறித்ததை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

பக்கத்து வீட்டு அத்தை தங்கமானவர். ஆனால் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார். வெறும் பாத்திரம் கொடுத்தால் வீட்டுக்கு ஆகாதாம். முறுக்கோ, கொஞ்சம் பயறோ, எதையாவது போட்டுத்தான் அனுப்புவார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் அப்பாவுக்கு டயாலிசிஸ். அந்த வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்ததால் அம்மாவும் நானும் வீட்டை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடக் கொல்லைக்குப் போனேன். அவரைப் பந்தலுக்குக் கீழே அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கால் இரண்டும் தன்னுடையதே இல்லை என்பதுபோல் மடங்குகிறது. "கால்ல பலமே இல்லடி" என்றார். குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை எட்டிப் பார்த்தவர், வெயில் தாக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், சீவின இளநீரோடு ஓடி வந்தார். அப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்து, வாய்க்கு நேராக இளநீரைக் கொண்டுபோய்விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். வெள்ளிக்கிழமை வரப்போகிறவர்கள் அத்தையின் பிறந்த ஊர்க்காரர்கள். அத்தைக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் தெரியும்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். இளநீர் கத்தரிப் பாத்தியில் போய் விழுந்தது.

"குடுக்காதீங்கத்தை. அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. இது வெஷம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

"அடி பாவி மவளே, கீரை வந்த தூக்குவாளிய வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு காலையிலேயே அது நெறைய எளநி ஊத்திக் குடுத்தேனேடி. மடமடன்னு குடிச்சாரே."

உடனே நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். காலையில் இளநீர் குடித்திருக்கிறார், இப்போது எழுந்திருக்க முடியவில்லை என்றேன். எவ்வளவு என்று கேட்டார், ஒரு தூக்குவாளி என்றேன். பிறகு, வழியில் எதுவும் கொடுக்காதே, நேராக எமர்ஜென்சிக்குக் கொண்டு வா, டாக்டரிடம் நான் சொல்லித் தயாராக வைக்கிறேன் என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. அத்தையின் வீட்டுக்காரர் காய்கறி ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியைப் பின்பக்கமாகவே கொல்லை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். சாக்கை விரித்து அப்பாவைப் படுக்க வைத்தோம்.

ஜெயங்கொண்டம் தாண்டுகிற வரைக்கும் பரவாயில்லை. அதற்கப்புறம் முன்னால் வரிசையாக லாரிகள். அப்பா காலமெல்லாம் ஓட்டிய அதே சுண்ணாம்புக்கல் லாரிகள், ஒதுங்க இடம் கொடுக்காமல் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். நாடி ஒன்று துடிக்கும், அடுத்தது எப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அத்தை அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் அண்ணே என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே வந்தார். மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. உடையார்பாளையம் தாண்டும்போது அப்பாவின் கண் சொருகியது. நான் கும்பிடாத சாமி இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள், கையில் ஊசி போட்டார்கள், உடனே மெஷினில் மாட்டினார்கள். இளநீர் என்று நீ முன்னாடியே சொன்னதால்தான் வந்ததும் ஆரம்பிக்க முடிந்தது, வெறும் மயக்கம் என்று கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றார் டாக்டர்.

சாயங்காலம் அப்பா தெளிந்து பேசினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரிந்தே எதற்குக் குடித்தீர்கள் என்று கத்திவிட்டேன்.

"வேணாம்னா அந்தம்மா ஏன்னு கேக்கும். கேட்டா நான் என்னாத்தச் சொல்றது? வெள்ளிக்கிழமை ஆளுங்க வராங்கல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நல்லா ருசியா இருந்துச்சுடி" என்றார். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பத்துப் பொருத்தமும் பிரமாதம் என்று சொல்லியிருந்த அதே ஜாதகம்தான். போனால் போகட்டும் என்றேன். வாய்க்கு அப்படிச் சொன்னாலும் இரண்டு நாள் மனசு கனமாகத்தான் இருந்தது. அப்பாவுக்குத்தான் என் முகத்தைப் பார்க்கவே தயக்கம். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கொல்லைக்குத் தண்ணீர் விட்டது அத்தைதான். ஒரு செடிகூட வாடவில்லை. அப்பா வந்து பந்தலடியில் உட்கார்ந்ததும், அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார்.

இப்போது எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்பா என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று தெரியும். டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். அதோடு பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன் நான். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான், அவர்களிடம் உண்மையை மறைத்தால் அன்பாகக் கொடுப்பதே ஆளைக் கொன்றுவிடும்.