லகாட் வீட்டில் யாருடைய கரண்டு?

மலேசியாவின் ஈப்போவில் ஒரு ரொட்டிச் சானாய் கடை. இரவு வேலை முடிந்து வந்திருந்த, என்னோடு வேலை செய்யும் அக்கா, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு வாடகை அறை தேடிக்கொண்டிருந்தார். கையுறைத் தொழிற்சாலையில் அவருக்கு மிஷின் வேலை. எனக்கு அங்கேயே ஆபீஸ் வேலை. “ரூம் இருக்கு” என்றது எதிர்க்குரல். அக்கா பெயரைச் சொன்னார். இந்தியப் பெயர் என்றதும் குரல் மாறியது. “ஐயோ, இப்பத்தான் ஆள் வந்திருச்சு.” அன்று காலையில் மட்டும் இப்படி மூன்றாவது வீடு.

யோசனை அந்த நிமிடம்தான் எனக்கு வந்தது.

“ஒரு வீட்டையே எடுத்து, ரூம் ரூமா நாமளே விடலாம்க்கா. மொத ரூம் ஒங்களுக்கு.”

“மொதல்ல ரொட்டிக்குக் காசு குடுலா, மொதலாளி!”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டே மாதத்தில் லகாட்டில் ஒரு வரிசை வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்தேன். அறைகளை உள்வாடகைக்கு விட உரிமையாளரிடம் எழுத்திலேயே சம்மதம் வாங்கினேன். முன்பணத்தில் என் சேமிப்பு கரைந்தது. ஓர் அறையில் அக்கா, ஒன்றில் பாலர் பள்ளி ஆசிரியை ஒருத்தி, முன்னறையில் நான். மிஞ்சுவதைச் சேர்த்து ஒருநாள் சொந்த வீடு வாங்குவது என் கணக்கு.

ஒரு தப்பு செய்தேன். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில். கரண்டு பில் என்ற காகிதம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததே கிடையாது. தண்ணீரும் விளக்கும் தோட்ட நிர்வாகத்தின் பாடு. வீடு என்றால் அதெல்லாம் அதோடு வருவதுதான் என்று எனக்குள் பதிந்திருந்தது. விளக்குக்குத் தனியாகக் காசு கேட்பது அற்பத்தனமாகப் பட்டது. “எல்லாம் சேர்த்துத்தான் வாடகை” என்று பெருமையாக அறிவித்துவிட்டேன்.

மூன்றாம் மாதப் பில், மிஞ்ச வேண்டியதை விழுங்கிவிட்டு என் சம்பளத்திலும் கை வைத்தது.

“அக்கா ரூம்ல பகல் பூரா ஏர்கான் ஓடுது. வேற என்னா?” என்றாள் ஆசிரியை.

மறுநாள் காலை, அக்கா செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். “ஏர்கான் போடாதீங்கக்கா. முடியலன்னா வேற எடம் பாத்துக்குங்க.”

“பகல்ல தூங்குறவ நான். தூங்காம மிஷின்ல நின்னா விரலு போயிரும் தங்கச்சி.” செருப்பை ஓரமாகத் தள்ளினார். “சரி, பாத்துக்கிறேன்லா.”

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஸ்பீக்கரில் யாரோ, “ஆள் வந்திருச்சு” என்றார்கள்.

கோலா கங்சாரில் இருந்த தன் தங்கை வீட்டுப் பக்கம் அறை பார்க்க அக்கா இரண்டு நாள் போனார். அவர் அறையில் எதுவுமே ஓடவில்லை. ஆனாலும் கரண்டு ஓட ஓட மின்னும் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று அடித்தது. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். சமையலறைச் சுவிட்சை அணைத்ததும் அடங்கியது. அங்கே ஓடியது ஒன்றே ஒன்று: பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று நானே வாங்கிப்போட்ட ஐஸ்பெட்டி. கதவு ரப்பர் கிழிந்து, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். “தப்பு என்னுதுக்கா. நான் வாங்குன ஐஸ்பெட்டிதான் கரண்ட தின்னுருக்கு. திரும்பி வாங்க.”

“என்னைய வெரட்ட ஒரு ஐஸ்பெட்டியா!” சிரிப்பு வந்தது, பிறகு குரல் தணிந்தது. “ஏர்கானும் சும்மா ஓடலலா. எம் பங்க நான் குடுக்கிறேன். ஆனா அளந்து கேளு. குத்துமதிப்பா பேசி ஆள வெளிய அனுப்பாத.”

மறுநாள் அக்கா திரும்பி வந்தார்.

ஐஸ்பெட்டிக்குப் புது ரப்பர் போட்டாயிற்று. வரும் சனிக்கிழமை வயரிங்காரர் அறைக்கு ஒரு சின்ன மீட்டர் மாட்டுகிறார். முதலில் என் அறைக்கு. மூன்று மாதம் அளந்து பார்த்து, கணக்கு நின்றால், தஞ்சோங் ரம்புத்தானில் காலியாகக் கிடக்கும் ஒரு வீட்டையும் எடுக்க அதன் உரிமையாளரிடம் பேசப் போகிறேன். அங்கே யாரையும் உள்ளே விடும் முன்பே, கரண்டு யார் பங்கு எவ்வளவு என்று எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.