இரண்டாம் கட்டிலின் இடிக்கொம்பன்

வலது கையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஒரு கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள் ஏறியிருந்தன. டயாலிசிஸ் முடியும் வரை, அதாவது நான்கு மணி நேரம், அந்தக் கை அசையக் கூடாது. வயிற்றின் மேல் மடித்துப் போட்ட துண்டில் கடிகாரத்தைக் கவிழ்த்து, பின்மூடியைக் கிளப்பி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, கட்டைவிரலால் மூடியை அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

கடிகாரம் எங்கள் டெக்னீஷியனுடையது. "சக்கரவர்த்தின்னா சக்கரவர்த்திதான்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. வயது ஐம்பத்து மூன்று. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஆறு வருடம். செவ்வாய், வியாழன், சனி காலையில் இரண்டாம் கட்டிலுக்கு வருவார். நான் அந்த வார்டில் உதவியாளராகப் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் எழுதுவது, காலில் பிடிப்பு வந்தால் பாதத்தை அழுத்திப் பிடிப்பது என் வேலை. அழுபவர்களோடு சேர்ந்து அழுவது என் வேலை இல்லை என்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது எனக்குக் கஷ்டமாகவும் இருக்கவில்லை.

சக்கரவர்த்தி என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் கிடந்த மகளின் பழைய கையடக்க விளையாட்டு மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து, தலையணையில் சாய்த்து வைத்து விளையாடுவார். காடு, குகை, கடல் என்று சுற்றி விதவிதமான பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோத விடும் விளையாட்டு. அவசரமே இல்லாதது, நாம் யோசித்து முடிக்கும் வரை எதிராளி காத்திருப்பான். ஒரு கை போதும். அதில் ஆட்டக்காரருக்கு ஒரு பெயர் கேட்கும். அவர் இதைக் கொடுத்தார். வார்டு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

மூன்றாம் கட்டில் கணக்கு டீச்சருடையது. ஓய்வு பெற்றவர், தனி ஆள், அறுபத்தைந்து வயது. அவருக்கு ஊசி வலது கையில். சக்கரவர்த்தி விளையாடுவதை இரண்டு மாதம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு நாள் தானும் ஒரு மெஷினோடு வந்தார். அதன் பிறகு இவர் வலது கையும் அவர் இடது கையுமாக இரண்டு கட்டிலும் ஒரே போர்க்களம்.

அந்த விளையாட்டில் ஓர் அரிய மிருகம் உண்டு. இடிக்கொம்பன் என்று அவர்கள் சொல்வார்கள். வெள்ளை உடம்பு, மின்னல் போல முறுக்கிய ஒற்றைக் கொம்பு. மற்றப் பிராணிகள் புதருக்குப் புதர் கிடைக்கும். இது ஒரு மெஷினில் ஒரே ஒரு முறைதான் வரும். அதை அடித்து அடித்து பலத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் வீழ்த்திவிடக் கூடாது. உயிர் நூலளவு மிச்சம் இருக்கும்போது வலை வீசிப் பிடிக்க வேண்டும். வீழ்ந்துவிட்டால் போனது போனதுதான். தப்பு நடந்தால் உடனே மெஷினை அணைத்துவிட்டு, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். அதனால் எல்லோரும் அதன் எதிரில் போய் நிற்பதற்கு முன் சேமித்துக்கொள்வார்கள்.

சக்கரவர்த்தி ஒரு அடி கூடுதலாக அடித்துவிட்டார். கொம்பன் விழுந்தது. பதறிப் போனவர் பழக்க தோஷத்தில், வேலை முடிந்ததும் செய்வது போல, சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். கடிகாரத்தின் மயிரிழை ஸ்பிரிங்கை ஒரே மூச்சில் பொருத்துகிற கை அது.

அன்றே டீச்சரிடம் சொல்லிச் சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரோ, "புடிச்சாச்சு" என்றார்.

டீச்சர் அதற்குப் பிறகு ஐந்து வாரம் பாடுபட்டார். ஒவ்வொரு முறையும் கொம்பன் வலையைக் கிழித்துக்கொண்டு ஓடும். மெஷினை அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். நூற்றுப் பன்னிரண்டாவது தடவை பிடித்தார். எண்ணி வைத்திருந்தார், கணக்கு டீச்சர் இல்லையா. அன்று அவர் ரத்த அழுத்தம் இருபது ஏறியிருந்தது. நான் திட்டினேன்.

"உங்களோடத காட்டுங்க தம்பி, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம்" என்றார் டீச்சர்.

"அது வீட்ல வேற மெஷின்ல இருக்கு டீச்சர்" என்றார் இவர்.

அடுத்த வாரம் உண்மையிலேயே ஒன்று வந்தது. இணையத்தில் ஒருவன், கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே அரிய மிருகங்களைச் செய்து விற்பவன், 'பிடித்தவர்: சக்கரவர்த்தி' என்று திரையில் காட்டும் விவர அட்டையோடு சேர்த்தே அனுப்பியிருந்தான். ஒரு குறை இல்லாத கொம்பன். டீச்சர் வாயைப் பிளந்து பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். அந்த விளையாட்டில், அடுத்தவர் பிடித்துக் கொடுத்த பிராணி சீக்கிரம் வளரும் என்று ஒரு விதி உண்டு. அதனால் நண்பர்கள் ஒரே பிராணியைக்கூட ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள்.

"நாமளும் மாத்திக்கலாமா டீச்சர்? ரெண்டும் சட்டுனு வளந்துரும்."

கேட்டவர் அவர்தான். அசலைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை. டீச்சர் யோசிக்கவே இல்லை. மாற்றிக்கொண்டார்கள்.

மாற்றினாலும் அட்டையில் பிடித்தவர் பெயர் மாறாது. அழிக்கவும் முடியாது. அதனால் இவர் அந்தக் கொம்பனைத் திறக்கும்போதெல்லாம் 'பிடித்தவர்: டீச்சர்' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் திறப்பதையே நிறுத்திவிட்டார்.

டீச்சருக்கு ஆஸ்பத்திரியைத் தவிரப் போக்கிடம் ஒன்றுதான் இருந்தது. கடைத்தெருவில் ஒரு மாடியில் விளையாட்டுச் சாமான் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே முப்பது நாற்பது பேர் கூடிப் போட்டி வைத்துக்கொள்வார்கள். முக்கால்வாசி இருபது வயதுக்காரர்கள். நடுவில் டீச்சர் போய் உட்கார்ந்து அவர்களைத் தோற்கடித்துவிட்டு வருவார். திங்கள், புதன், வெள்ளியில் அவர் காலையில் எழுந்து, இன்று எங்கும் போக வேண்டியதில்லையே என்று யோசிப்பாராம். ஞாயிறன்று அலாரத்துக்கு முன்பே எழுந்துவிடுவாராம்.

ஒரு ஞாயிறு, போட்டிக்கு முன் எல்லோருடைய பிராணிகளையும் கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். டீச்சரிடமிருந்த கொம்பன் போலி என்று வந்தது. போலி கொண்டுவருபவர்களின் பெயரை அந்தக் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டுவார்கள். அனுமதி இல்லை என்று அர்த்தம். டீச்சரின் பெயரை ஒட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை வார்டில் அவரே சொன்னார். "என்னைத் தூக்கிட்டாங்க. வயசான காலத்துல ஏன் டீச்சர் இப்படின்னு கடைக்காரன் கேக்குறான், அத்தனை பேர் முன்னாடி."

"என்ன டீச்சர், காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டீங்களா?" என்றான் டெக்னீஷியன்.

வார்டே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். இரண்டாம் கட்டிலில் போர்வை முகம் வரை ஏறியது.

மூன்று வாரம் அந்தப் போர்வை இறங்கவில்லை. மெஷினைக் கொண்டுவருவதை நிறுத்தினார். ஊசி ஏறியதும் தூங்குவது போலக் கிடப்பார். நான்தான் எடை பார்க்கிறவள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே நாலரை கிலோ ஏறி வந்தார். அளவு பார்க்காமல் தண்ணீர் குடிக்கிறார் என்று பொருள். இத்தனை நாள் ஒன்றரையைத் தாண்டாதவர்.

அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அவரை அழைத்துப்போக வந்தவரிடம் கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது அக்கா, பேசவே மாட்டேங்குறாரு. போன வாரம் ஒரு கடிகாரத்தைச் சரி பண்ணாமயே சரி பண்ணிட்டேன்னு குடுத்து, அந்தாளு திரும்ப வந்து கத்திட்டுப் போறாரு. வாழ்நாள்ல இப்படி நடந்ததில்ல."

சனிக்கிழமை ஐந்து கிலோ. தராசிலேயே நிறுத்திக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். பத்து நிமிடம் ஆனது. தலை நிமிரவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? மூணாங்கட்டில்ல சொல்லுங்க."

"முடியாதுக்கா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

"இருக்கறது ஒண்ணுதானே? அதையே வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க. இப்படித் தண்ணி குடிச்சா நுரையீரல் ரொம்பிரும். அப்புறம் சொல்றதுக்கு ஆள் இருக்காது."

பாதி நேரம் ஓடியது. அத்தனை நீரையும் டயாலிசிஸ் மெஷின் இழுத்ததில் அவருக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு வந்தது. நான் பாதத்தை நெஞ்சில் வைத்து அழுத்திப் பிடித்தேன். வலியில் போர்வை விலகிவிட்டது. டீச்சர் எட்டிப் பார்த்து, "மூச்சை இழுத்து விடுங்க தம்பி" என்றார்.

அப்போதுதான் சொன்னார், கால் என் கையில் இருக்க. "டீச்சர், அந்தக் கொம்பன் நான் புடிக்கல. வெலைக்கு வாங்குனது. போலின்னு எனக்குத் தெரியும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, விரிப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"தெரியும்" என்றார். "அட்டைல யார் பேரு இருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாதா? அங்கயும் கேட்டாங்க, யாரு இந்தச் சக்கரவர்த்தின்னு. சொன்னா விட்டுர்றோம்னாங்க."

"சொல்லியிருக்கலாமே டீச்சர்..."

"நீங்க சொல்ல வேண்டியத நான் எதுக்குச் சொல்லணும்? தெரியாதுன்னுட்டேன். செவ்வாக்கெழம வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் வியாழன். பக்கத்துக் கட்டில்தானே, ரெண்டு முழம். மூணு வாரமா போர்வையப் பாத்துட்டுக் கெடக்கேன்."

சக்கரவர்த்தியின் முகம் கறுத்துப் போனது. பிடிப்பு விட்டுவிட்டது, நான் காலை இறக்கி வைத்தேன். போர்வையை மறுபடி இழுக்கப் போனார். நான் அதை மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டேன்.

"உங்க கொம்பன் அப்படியே இருக்கு டீச்சர். செவ்வாக்கெழம கொண்டாந்து திருப்பிக் குடுத்துர்றேன்."

"அது எங்க ஓடிப் போகுது? அந்தக் கண்ணாடில என் பேரு ஒட்டியிருக்கு. மாடிக்குக் கீழ ரொட்டிக் கடை. வாங்கப் போறப்பல்லாம் அது நெனப்புக்கு வருது. முதல்ல அது எறங்கட்டும்."

 டீச்சர் புத்தகம் எடுத்துக்கொண்டார். அவர் பக்கத்தைத் திருப்பவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

மறுநாள் ஞாயிறு. சக்கரவர்த்தியின் மனைவிக்கு மருந்துக் கடையில் விடுப்பு இல்லை. ஐந்து கிலோ இறக்கிய உடம்பு, படியில் தலை சுற்றும். அதனால் அந்த மாடிக் கடைக்கு நான் கூடப் போனேன். பத்தொன்பது படி. இரண்டு இடத்தில் நின்றார். மேலே கண்ணாடிக் கதவில் ஆறேழு சீட்டுகள். டீச்சரின் பெயர் கடைசியில், கொட்டை எழுத்தில். அதைப் பார்த்ததும் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கதவைத் தள்ளினார்.

உள்ளே நீள மேஜைகள், கூச்சல். கடைக்காரன் தாடி வைத்த இளைஞன். "என்ன சார் வேணும்?" என்றான்.

"அந்தச் சக்கரவர்த்தி நான்தான்."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். கூச்சல் ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. கொம்பனைத் தானே அடித்து வீழ்த்தியது, பதறிப் போய்ச் சேமித்தது, பிடித்தேன் என்று புளுகியது, வாங்கியது, டீச்சரிடம் தள்ளியது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். வீழ்த்தியதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். யாரோ, "சேமிக்கறதுக்கு முன்னாடி அணைக்கணும்னுகூடவா தெரியாது?" என்றார்கள். "தெரியும்" என்றார்.

"சரி சார், டீச்சர் பேர எடுத்துர்றேன்" என்றான் கடைக்காரன். "அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. நாங்களும் மன்னிப்புக் கேக்கணும்."

"அந்த எடத்துல என் பேர ஒட்டுங்க."

"நீங்க இங்க வந்ததே இல்லையே சார். வராத ஆள எப்படி வெளியேத்துறது?"

"ஒட்டுங்க தம்பி."

கடைக்காரன் என்னைப் பார்த்தான்.  ஒரு சீட்டும் பேனாவும் கொடுத்தான். சக்கரவர்த்தி என்று எழுதப் போனவர் நிறுத்தி, தன் சொந்தப் பெயரை எழுதினார். அதன் கீழே கடிகாரக் கடை, பேருந்து நிலையம் எதிரில் என்று விலாசத்தையும் எழுதினார். கதவில் டீச்சரின் சீட்டு பாதிதான் உரிந்து வந்தது. மிச்சத்தை எச்சில் தொட்டு, நகத்தால் சுரண்டி, கண்ணாடி சுத்தமாகும் வரை நின்று எடுத்தார். பிறகு தன் சீட்டை ஒட்டி, நான்கு மூலையையும் அழுத்தினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படியில் இறங்கினோம்.