சிறுவாச்சூர் பஸ்ஸில் சிதறிய மீன் காதுக்கற்கள்

முதலில் ‘நறுக்’கென்று ஒரு சத்தம். பிறகு பச்சை மீன் கவிச்சி லேப் முழுக்கப் பரவும்...

பெரம்பலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்த நாட்கள். என் ஹாஸ்டல் ரூம்மேட் வளர்மதி, உடையார்பாளையத்துப் பெண். அவள் ப்ராஜெக்ட், மீன்களின் காதுக்கல்.

மீன் தலைக்குள் வெள்ளையாகச் சின்னக் கற்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். மீன் கேட்பதும் சாயாமல் நீந்துவதும் அவற்றால்தான். கடல் மீனின் கல்லும் ஆற்று மீனின் கல்லும் எப்படி வேறுபடுகின்றன என்பதே அவள் கேள்வி.

திருமானூர் போய்க் கொள்ளிடத்து விரால், கெண்டை வாங்கி வருவாள். கடல் மீனுக்கு மார்க்கெட் ஐஸ் பெட்டி. கடலில் பிடிக்கும் கத்தாழை மீனின் கல் விரல் நகம் அளவு... கெண்டையின் கல் ஊசி மாதிரி. மீன் தலையை நறுக்கிப் பிளந்து, ஒன்றைக்கூட உடைக்காமல் எடுப்பாள்.

ப்ராஜெக்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. திருச்சியில் கற்களை எடை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சிறுவாச்சூரில் கோயில் கூட்டம். டிரைவர் சட்டென்று பிரேக் போட, அவள் மடியிலிருந்த பெட்டி விழுந்து, மீன் வாரியாகக் கற்களைப் பிரித்து வைத்திருந்த டப்பாக்கள் திறந்துகொண்டன. அத்தனை கல்லும் பஸ் தரையில்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கீழே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

“என்னம்மா கொட்டிட்ட, அரிசியா?” என்றார் ஒரு அம்மா.

“மீனோட காதுக்கல்லுங்க. மிதிச்சுடாதீங்க.”

பஸ்ஸே குனிந்து தேடியது. கற்கள் கிடைத்தன, ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

அதன் பிறகு மைக்ராஸ்கோப்பை விட்டு அவள் நகரவில்லை. ஓரத்து வளைவையும் நடுப்பள்ளத்தையும் பார்த்தே எந்தக் கல் எந்த மீனுடையது என்று பிரித்துவிட்டாள். மடவை மீன் மட்டும் பிடிபடவில்லை. அது கடலிலும் இருக்கும், ஆற்றுக்கும் ஏறி வரும். இரண்டு இடத்து மடவையும் வாங்கியிருந்தாள். கற்கள் ஒரே மாதிரி இருந்தன.

“மடவைய விட்டுடலாம்மா, டைம் இல்ல” என்றார் கைடு.

“ரெண்டு தண்ணிக்கும் பொதுவா இருக்குறது அது ஒண்ணுதான் சார். அத எப்படி விடுறது?”

மறுநாளே அணைக்கரைக்கு பஸ் ஏறினாள். கொள்ளிடத்து மடவை கிடைத்தது. கடல் மடவையை மார்க்கெட்டில் வாங்கி, மடவை வேலையை மட்டும் முதலிலிருந்து செய்தாள்.

வைவாவில் பஸ் கதையை அவளே சொல்லிவிட்டாள். பின்வரிசையில் இருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா?” என்றார் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர்.

“மடவை புதுசா எடுத்தது சார். மத்ததெல்லாம் நான் கண்ணால பாத்துப் பிரிச்சது. அது உங்களுக்குத் தெரியணும்ல?”

அவர் எழுந்து வந்து ஒவ்வொரு கல்லாக வெகுநேரம் பார்த்தார். “ஒண்ணுகூட மாறலம்மா” என்றார்.

இன்று வளர்மதி கடலோர ஊர் ஒன்றில் இதே ஆராய்ச்சியில் இருக்கிறாள். நான் அரியலூரில் ஆபீஸ், வீடு என்று இருக்கிறேன். போன வாரம் போனில் பேசினோம். இப்போதெல்லாம் கல்லைப் படம் எடுத்தால் கம்ப்யூட்டரே அளந்து சொல்லிவிடுமாம்.

“அப்ப வேலை ஈஸிதான்னு சொல்லு.”

“ஈஸிதான்டி. ஆனா அப்ப ஒவ்வொரு கல்லையும் மொகம் தெரிஞ்சு வச்சிருந்தோம்ல... அது இப்ப இல்ல.”

எனக்கு ஒரு கல்லின் முகமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவளுக்குத்தான். ஆனாலும் ‘வச்சிருந்தோம்’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள் பாருங்கள்... போனை வைத்த பிறகும் அந்த ஒரு சொல் காதிலேயே இருந்தது.