நெறி என்று நினைத்த கட்டி

அக்குளில் தட்டுப்பட்ட கட்டி சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. நான் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரி. பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடியே கொடி வெட்டுவோம். பந்தல் கம்பி கீறிப் புண்ணானால் அக்குளில் நெறி கட்டும். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் சில நாளில் வற்றிவிடும். நானும் கொடுத்தேன். என்னுடையது மாதக்கணக்கில் வற்றவில்லை.

உடன் வேலை பார்த்த பெண்கள், "எங்களுக்கும்தான் கட்டுது" என்றார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை நாங்கள் கட்டி விஷயத்திலும் கடைப்பிடித்தோம்.

வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியர் ஒருநாள் தோட்டத்துக்கே வந்தார். "மார்புல, அக்குள்ல கட்டி கிட்டி இருக்காக்கா?"

"நெறிதாம்மா இருக்கு" என்று சிரித்தேன்.

"நெறின்னா தொட்டா வலிக்குமே. வலிக்குதா?"

வலிக்கவில்லை. வலிக்காததால்தானே அத்தனை மாதம் நிம்மதியாக இருந்தேன்! அவர் மோட்டார் அறைக்குள் கூட்டிப்போய் அழுத்திப் பார்த்தார். மார்பிலும் ஒன்று இருந்தது.

தேனியில் மேமோகிராம் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) எடுத்தார்கள். பயாப்சியில் (கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று உறுதியானது. மதுரையில் இடது மார்பை அகற்றினார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ (புற்று அணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது).

என்னை ஒடித்தது மருந்தைவிடப் பஸ்தான். மதுரையிலிருந்து ஊர் வந்து சேரும்வரை ஜன்னலோரம் வாந்தி. நோய்க்கு ஏழை பணக்காரர் தெரியாது என்பார்கள். வைத்தியத்துக்கு நன்றாகவே தெரியும். கார் வைத்திருப்பவள் படுத்துக்கொண்டு போவாள்.

இரண்டாவது கீமோ முடிந்ததும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்: "இனி வர மாட்டேம்மா. செத்தாலும் வீட்டுலயே சாகுறேன்."

அந்த அம்மா கோபப்படவில்லை. "மருந்து தாங்கலையா, பயணம் தாங்கலையா?" என்று கேட்டார். பஸ் கதையைச் சொன்னேன். "மிச்சத்தைத் தேனியிலேயே ஏத்திக்கலாம். எழுதித் தர்றேன். பாதியில நிறுத்தினா திரும்ப வரும், அது மட்டும் வேண்டாம்."

"அங்கனயே ஏத்துவாகளா?" என்று கூட வந்திருந்த என் கணவர் இரண்டு முறை கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இது தெரியாமல் எத்தனை பேர் பாதியில் நிறுத்திவிட்டார்களோ! இதைப் படிப்பவர் என் நிலையில் இருந்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். முதல் நாளே, "பக்கத்துல எங்கன ஏத்தலாம்?" என்று கேட்டுவிடுங்கள்.

மீதிக் கீமோவைத் தேனியில் முடித்தேன். கதிர்வீச்சுக்கு மட்டும் மதுரையில் தங்கினோம். முடி போனது, திரும்பச் சுருட்டையாக முளைத்தது. தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் சோதித்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

கடைசிப் பரிசோதனையில் டாக்டர், "நல்லா இருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார். ஒரு வருடமாக அடுத்த ஊசிக்கு அப்பால் எதையும் நான் யோசித்ததில்லை. ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் ரவிக்கைத் துணி வாங்கித் தையற்காரியிடம் போனேன்.

"பழைய அளவுக்கே தைக்கவாக்கா?"

"இல்லத்தா. புதுசா அளவெடு. இடது பக்கம் உள்ள பஞ்சு வச்சுத் தை."

அவள் டேப்பை எடுத்தாள். "எப்பத்துக்கு வேணும்?"

"தீபாவளிக்கு."

"அதுக்கு இன்னும் எம்புட்டோ நாள் கெடக்கே!"

"கெடக்கட்டும். நான் இருப்பேன்."