கடலின் எட்டு மாதத்தை ஒரகடத்துக்குக் கொண்டுபோனேன்

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் போனேன். பக்கத்திலிருக்கும் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க அல்ல. என் பையில், கடலடியில் எட்டு மாதம் கிடந்த ஒலிப்பதிவுக் கருவி இருந்தது.

எங்கள் கடலில் காற்றாலைகள் நிறுத்தப் போகிறார்கள். அதற்குப் பிறகு நீருக்குள் என்ன மாறியது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் ஓங்கில்கள் என்கிற டால்பின்கள் எப்போது வந்தன, மீன்கூட்டம் எப்படிச் சத்தமிட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். "நாளைக்கு மீனு கொறஞ்சா, முன்னால இருந்துச்சான்னு எங்களத்தான கேப்பாங்க," என்று சொல்லித்தான் மீனவர் சூசை அண்ணன், கருவியை இறக்கப் போன ஆய்வுக்குழுவான எங்களைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து எடுத்துவந்து கணினியில் இணைத்தால், கருவியில் உயிரே இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பினால் மூன்று மாதம் ஆகும். ஒரகடத்தில் தொழிற்சாலை சென்சார்களைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றைத் தோழி சொன்னாள்.

இரவு ரயில் காலை ஆறே முக்காலுக்குத் தாம்பரம் வந்தது. அங்கிருந்து படப்பை வழியாகச் சுமார் இருபத்து நான்கு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தொழிற்சாலை ஷிப்ட் பேருந்துகளின் நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கூட்டுரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"இன்னாக்கா அது, சிலிண்டரா?" என்றார் ஓட்டுநர்.

"கடல் சத்தம் பதிவு பண்றது."

"அத்த இன்னாத்துக்கு இங்க எட்த்துகினு வந்த?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது நம்பிக்கை இருந்தது.

பட்டறையில் கருவியைத் திறந்தவள் மனோகரி. மண்ணூர்க்காரி, ஆறு வருடம் செல்போன் கம்பெனி உற்பத்தி லைனில் இருந்தவள். மூடியைக் கழற்றியதும் உப்புத்தண்ணீர் மேசையில் வழிந்தது. உள்ளே மின்சுற்றுப் பலகை முழுக்கப் பச்சைக் களிம்பு. மெமரி கார்டைக் கழுவி, காயவைத்து, மூன்று முறை முயன்றாள்; ஒரு பதிவும் வரவில்லை. பிறகு தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, முடி ஒண்ணு குறுக்கால மாட்டிகினு கீது. அந்தச் சந்துலதான் தண்ணி பூந்துருக்கு."

நீளமான முடி, பாதி நரைத்தது. கருவியை இறக்கிய அன்று படகில் மூடியை முடுக்கியது நான்தான்.

மனோகரி நிமிர்ந்து என் தலைமுடியைப் பார்த்தாள். நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "லைன்ல எங்களுக்குத் தொப்பி போடாம உள்ளயே வுட மாட்டாங்கக்கா. உனக்கு யாரு சொல்லுவாங்க, கடல்ல," என்றாள். கூலி வாங்க மறுத்துவிட்டாள்.

வாசலில் நின்று சூசை அண்ணனை அழைத்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"மறுபடி எறக்கலாமாம்மா?"

"அந்த எடத்துல இப்ப காத்தாலைக்காகத் தரையத் தொளைக்கிற மேடை நிக்குதேண்ணே. பழைய சத்தம் கெடைக்காது."

"அப்ப நாங்க சொல்றத எழுதிக்க. எந்த மாசம் எந்த மீனு, எல்லாம் சொல்றோம். அத ஒத்துக்கிடுவாங்களா?"

"தெரியலண்ணே."

இப்போது வாரம் இருமுறை அவர் சொல்வதை எழுதுகிறேன். எழுதும்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க இன்னும் முடியவில்லை.

கருவியோடு போகிறவர்களுக்கு: ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்து, பத்து மணிக்கு மேல் போங்கள். திறக்கும்போது கூடவே நில்லுங்கள். கடலில் இறக்குவதாக இருந்தால், மூடியை உங்களுக்குப் பின் இன்னொருவர் பார்க்கட்டும். அன்று படகில் சூசை அண்ணன், "ஒருக்கா பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.