அண்ணன் சொல்லும் சண்டை

பழைய ரெஸ்லிங் பார்த்தால் என் அண்ணன் மகளுக்குக் கொட்டாவி வரும். அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். லீவு கிடைத்து மலையில் இருக்கும் டிக்கோயாத் தோட்டத்து வீட்டுக்கு ஏறி வரும்போதெல்லாம் புதுச் சண்டைகளைப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்த கதையும் உண்டு. அவளுக்கு ரெஸ்லிங் என்றால் கயிற்றின் மேல் ஏறி நின்று பாய்வது. ஏணி, மேசை, நெருப்புப் பொறி, பாட்டு. அண்ணனுக்கு ரெஸ்லிங் என்றால் ஒருவன் இன்னொருவனின் கழுத்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மாட்டியவன் எழும்ப மாட்டான். பிடித்தவன் விட மாட்டான். மழை பெய்து ஓய்ந்துவிடும், அவர்கள் அப்படியேதான் இருப்பார்கள்.

"அப்பா, இவரு தூங்கிட்டாரு பாருங்க."

"தூங்கல புள்ள. மூச்ச அடக்குறான்."

"மற்போர்னு ஸ்கூல்ல படிச்சோம் அத்த," என்று என் பக்கம் திரும்புவாள். "கடைசி ரெண்டு எழுத்து மட்டும் சரியா இருக்கு."

நான் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டு அண்ணன் பக்கம்தான் பேசுவேன். கலியாணமாகி ஹட்டன் டவுனுக்குப் போய் இத்தனை காலமாகியும், பௌர்ணமிப் போயா லீவு நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் நான் இன்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான அந்த லயத்துக் காம்பிராவின் பிள்ளை. அந்தக் காலத்தில் அங்கே கரண்ட் இல்லை. கறுப்பு வெள்ளை டிவி ஒன்று, கார் பெட்டரியில் ஓடும். பெட்டரி இறங்கினால் அதைத் தோளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய் ஏற்றி வருவது அண்ணன் வேலை. அந்தத் தோளுக்குக் கூலியாக, டிவிக்குப் பக்கத்தில் நின்று சண்டையைச் சொல்லும் உரிமை அவருக்கு. வர்ணனை இங்கிலீஷில் போகும். அதில் எங்கள் யாருக்கும் ஒன்று இரண்டு மூன்றுக்கு மேல் விளங்காது. அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிடுவார். பிறகு அவர் சொல்வதுதான் சண்டை. யார் யாருக்கு எதிரி, எவன் எவனுடைய காசைத் தின்றான், எவனுக்கு எந்த முழங்காலில் பழைய நோவு, எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். அந்த முழங்கால் நோவை நாங்கள் அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் பேசுவோம்.

அலுப்பாக இருந்ததா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. பிடி விழுந்துவிட்டால் பெண்கள் பேன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். யாராவது எழும்பிப் போய் அடுப்பில் கட்டையைத் தள்ளிவிட்டு வருவார்கள். "விட்டுத் தொலைடா, பெட்டரி எறங்குது," என்று ஒரு தாத்தா திரையைப் பார்த்துத் திட்டுவார். உண்மையிலேயே இறங்கும். படம் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டே போய், இரண்டு தடியர்களும் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் அந்த அலுப்புக்குள்ளே ஒன்று இருந்தது. மாட்டியவனின் கை செத்த கை போலத் தரையில் கிடக்கும். கிடக்கும், கிடக்கும். பிறகு ஒரு விரல் அசையும். கயிறு எங்கே என்று அந்த விரல் தேடத் தொடங்கும். பேன் பார்த்தவள் நிமிர்ந்துவிடுவாள். லயமே மூச்சை இழுத்துப் பிடிக்கும். ஒரு விரலுக்காக அத்தனை பேர்.

"விரலப் பாக்கவா அத்த டிக்கட் எடுத்துப் போறாங்க?" என்பாள் அண்ணன் மகள், என் மருமகள்.

அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவள் காட்டிய ஒரு சண்டையில் ஒரு பெண் ஏணி உச்சியிலிருந்து விழுந்தபோது நான் ஐயோ என்று எழும்பிவிட்டேன். விழுந்தவளைத் தாங்க வேண்டிய இடத்தில் எதிராளி சரியாக நின்றாள். அந்தக் கணக்கு எத்தனை நாள் பழக்கமோ. புதுப் பிள்ளைகள் பொறுமை இல்லாமல் ஆடுகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொறுமையைத் திரைக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். "இதெல்லாம் ஒரு சண்டையா? என்னத்தப் பாக்குறது? ஒண்ணும் நிக்க மாட்டேங்குது," என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. நிற்கிறதைப் பார்க்கிற மனுசன் என் அண்ணன் என்று மனதுக்குள் ஒரு பெருமை. அவர் ஆட்டோ ஓட்டுவதும் அப்படித்தான். தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டன் ஸ்கூலுக்கு ஏற்றி இறக்குகிறார். அந்த வளைவுகளில் எல்லோரும் பறக்க, அவர் மட்டும் ஓரமாக ஊர்ந்து போவார். பிள்ளைகள் அவரை ஆமை மாமா என்று கூப்பிடுவார்கள். தாய்மாருக்கு அந்தப் பெயரில் அத்தனை நிம்மதி.

போன போயாவுக்கு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணி கோவிலுக்குப் போயிருந்தார். மருமகள் போனிலிருந்து பெரிய டிவிக்குப் படத்தை ஏற்றிவிட்டாள். அண்ணன் தன் பழைய சண்டையைக் கேட்டார். அவர் எத்தனையோ தடவை பார்த்தது: தாடிக்காரன் ஒருவன், சிவப்புக் கால்சட்டைக்காரன் ஒருவன். திறந்திருந்த கதவு வழியாக மத்தியான வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"சத்தத்தக் குறை. அவனுக சொல்றது நமக்கு எதுக்கு? நான் சொல்றேன்."

சொல்லத் தொடங்கினார். குரல் இன்னும் அதே குரல். தாடிக்காரன் கழுத்தைப் பிடித்தான். மருமகள் கொஞ்ச நேரம் பொறுத்தாள், கால் நகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணைச் சிமிட்டிவிட்டு, மடியில் இருந்த போனில் எதையோ தட்டினாள். திரையில் தாடிக்காரன் போய்விட்டான். இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்குப் பச்சைத் தலைமுடி.

அண்ணன் நிறுத்தவில்லை.

"இப்பப் பாரு, தாடிக்காரன் மூலைக்கு இழுத்துக்கிட்டுப் போறான். அவனுக்கு அந்த மூலதான் ராசி."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முந்தானையைக் கடித்தேன். பச்சைத் தலைக்காரி கயிற்றிலிருந்து குட்டிக்கரணம் போட்டு இறங்கினாள்.

"தாடியப் புடிச்சி இழுத்துட்டான் பாரு. இது தப்பு. நடுவருக்குக் கண்ணு தெரியலயா?"

எங்கள் தோள்கள் குலுங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எங்களைக் கிண்டல் செய்கிறார், தெரிந்துகொண்டே விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. டிவியை நேராகப் பார்த்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, அங்கே இல்லாத ஒருவனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மருமகளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். யாருக்கு முதலில் நின்றது என்று தெரியவில்லை.

"அப்பா."

"இரு, இந்தப் பிடிய விடட்டும்."

"அப்பா, நான் மாத்திட்டேன். இது வேற சண்ட. ரெண்டு பொண்ணுங்க."

அண்ணன் கையை நெற்றிக்குக் குடையாக வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். "வெயிலு நேரா அடிக்குது," என்றார். நான் எழும்பிக் கதவைச் சாத்தினேன். திரும்பவும் பார்த்தார். அதற்குப் பிறகு வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எப்ப இருந்துண்ணே?" என்றேன்.

"மொதல்ல மூடுபனின்னுதான் நெனச்சேன் தங்கச்சி. நம்ம ஊருக்கு அது புதுசா? வண்டிக் கண்ணாடிக்குச் சவுக்காரம் தேச்சேன். தொடச்சேன். அப்புறம் வெயில் நாள்லயும் பனி. வீட்டுக்குள்ளயும் பனி. சோத்துல பனி."

வெயிலடிக்கிற காலையில் அவர் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"புரையாத்தான் இருக்கும்பா. அறுத்துட்டாச் சரியாயிரும். எத்தன பேருக்குச் செஞ்சிருக்காங்க," என்றாள் மருமகள்.

"போனா, வண்டி ஓட்டாதன்னு சொல்லுவாங்க. ஒங்க அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருவா. நான் இங்க கெடந்து கூரையப் பாக்கவா?"

"இப்ப எப்படி ஓட்டுறீங்க?"

அவர் அதை ஒரு தொழில் ரகசியம் போலச் சொன்னார். ரோடு மனப்பாடம். எந்தக் குழி எங்கே, எந்த வளைவில் எத்தனை திருப்பு, எல்லாம் கைக்குத் தெரியும். பெரிதாக வெள்ளையாக வந்தால் பஸ். அதிர்ந்துகொண்டு வந்தால் லொறி. வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடித்தால் அந்தப் பக்கம் பதில் வரும். பதில் வந்தால் ஒதுங்கி நின்றுவிடுவார்.

"பதில் வரலன்னா?"

"அவன் என்னயப் பாப்பான்ல?"

மருமகள் போனைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. கடையில் வாடிக்கையாளருக்குத் துணியின் நீளம் சொல்கிற குரல்தான்.

"அப்பா, ரெஸ்லிங்ல ரெண்டு பேரும் மொதல்லயே பேசி வச்சிக்கிறாங்க. நான் இப்பப் பாய்வேன், நீ என்னயத் தாங்கிக்கன்னு. அதான் யாரும் சாகுறதில்ல. எதுத்து வர்ற பஸ்காரன் ஒங்ககிட்ட என்னா பேசி வச்சிருக்கான்?"

அண்ணன் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே இரண்டு பெண்கள் சத்தமில்லாமல் மோதிக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இத்தனை வருசம் பிடியைப் பற்றி, பொறுமையைப் பற்றி, நிற்கிறதைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன். அண்ணனுக்குப் பழைய சண்டை பிடித்ததற்கு அது காரணம் இல்லையென்று ஆகிவிடுமா? இல்லை. பெட்டரியைத் தோளில் சுமந்த காலத்தில் அவர் கண்கள் கழுகுக் கண்கள். அப்போதும் அதைத்தான் விரும்பினார். ஆனால் இப்போது அது மட்டும்தான் அவருக்கு எட்டியது. விருப்பமும் இயலாமையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.

அண்ணன் டிவியை விட்டுத் திரும்பாமலே, "இப்ப என்னா நடக்குது? சொல்லு," என்றார்.

"எங்க, டிவிலயா?"

"பின்ன?"

அவள் சொல்லப் பார்த்தாள். பச்சைத் தலைக்காரி தூக்கினாள், மற்றவள் சுழன்றாள், கழுத்தில் காலைப் போட்டாள், இல்லை, அதற்குள் விழுந்துவிட்டாள், எழும்பிவிட்டாள். வாய் படத்தின் பின்னால் ஓடி மூச்சு வாங்கியது.

"மெதுவாச் சொல்லு புள்ள. ஒண்ணு வெளங்குறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்ட."

"அது அப்படித்தாம்பா போகுது. இருங்க, நிறுத்தி நிறுத்திச் சொல்றேன்."

நிறுத்தினாள். திரையில் ஒரு கை கயிற்றுக்கு அருகில் அப்படியே நின்றது. அவள் அதைச் சொன்னாள். நகத்துப் பூச்சின் நிறத்தைக்கூடச் சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துத் தரச் சொன்னார். ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற ஒரு பொடியனுக்கு அழைக்கச் சொன்னார். பறக்கிறவன் என்று அண்ணன் நாள் முழுக்கத் திட்டுவாரே, அவனுக்குத்தான்.

"தம்பி, நாளையில இருந்து நம்ம ஸ்கூல் புள்ளைகள நீ ஏத்திக்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "இல்ல, வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். கண்ணு." போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "மெதுவாப் போகணும். பறக்குறதெல்லாம் தனியாப் போறப்ப வச்சிக்க. கடைசியா ஏறுற புள்ளைக்குத் தலை சுத்தும், அத ஓரத்துல உக்கார வைக்காத." மறுபடியும் ஏதோ கேட்டது. "சேச்சே, அழுவல. தடிமன், மூக்கடைப்பு."

நான் அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் உண்மையான பனி இறங்கியிருந்தது. எதிர்க் காம்பிராவின் விளக்குகூட மங்கல். பொடியனின் ஆட்டோ பாட்டோடு வந்து, அண்ணன் வீட்டைக் கண்டதும் பாட்டை நிறுத்தியது. உள்ளே பிள்ளைகள் ஸ்கூல் உடுப்பில் வெள்ளை வெள்ளையாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கண் கிளினிக்குக்குப் போக வெளுத்த சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ஆட்டோவில் இடம் இல்லாததால் மருமகள் பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

படியிறங்கிப் போனவர், பழக்கத்தில் நேராக ஓட்டும் பக்கம் போய் நின்றார். கம்பியைப் பிடித்தும் ஆயிற்று. உள்ளே இருந்த பொடியன் என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பப் பார்த்தான்.

"உக்காரு, உக்காரு," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, வண்டியைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் வந்தார்.

"நீங்க ஓட்டலயா மாமா?" என்றாள் ஒரு சின்னப் பிள்ளை.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன். கொஞ்சம் தள்ளு."

பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவராக நகர்ந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் புடிச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு, "எடு தம்பி," என்றார்.